இசை: லிபெரோ மொஸ்கெத்தி

லிபெரோ மொஸ்கெத்தி உள்ளே நுழைந்ததும் காப்பிக் கடைக்காரர் சபாத்தினோ எழுந்து நின்றார். பதினாறு வருடங்களாக லிபெரோ அங்கேதான் காலைக் காப்பி குடிக்கிறார். சபாத்தினோ யாருக்காகவும் எழுந்து அவர் பார்த்ததில்லை. வரி அதிகாரி வந்தபோதுகூட அந்த மனிதர் உட்கார்ந்தபடியேதான் கும்பிடு போட்டார்.

"ஒரு காப்பி," என்றார் லிபெரோ, சந்தேகத்தோடு.

"வந்துக்கிட்டே இருக்கு, மேஸ்ட்ரோ."

நேற்று வரைக்கும் அவர் வாத்தியார். நடுநிலைப் பள்ளியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் குழல் ஊதக் கற்றுத் தருகிறவருக்கு அதுவே தாராளமான மரியாதை.

"என்ன திடீர்னு மேஸ்ட்ரோ?"

சபாத்தினோ கண்ணாடிக் கதவுக்கு வெளியே கையைக் காட்டினார். எதிர்ச் சுவரில் பசை காயாத போஸ்டர். துப்பாக்கியோடு ஒரு கறுப்பு அமெரிக்கர், தீப்பிடித்து எரியும் கார், அந்தத் தீயில் குளிர் காய்வதுபோல் அரைகுறையாக உடுத்திய ஒரு பெண். 'மார்செய்யில் இரண்டு முறை சாவார்கள்.' இத்தாலி, பிரான்சு, அமெரிக்கா கூட்டுத் தயாரிப்பு. அடியில் கொட்டை எழுத்தில்: இசை: லியோட்டிஸ் மேடக்ஸ், லிபெரோ மொஸ்கெத்தி.

லிபெரோ அதை இரண்டு முறை படித்தார்.

"அது வேற ஆளு. அதே பேர்ல மிலான்ல ஒருத்தர் இருக்காராம்."

"இருப்பார், இருப்பார்," என்று சபாத்தினோ கண்ணடித்தார். "பெரிய ஆளுங்களுக்கு அடக்கம் ஜாஸ்திதான். அந்தக் காசை உள்ள வைங்க."

பள்ளியில் முதல் மணி அடிக்க இன்னும் நேரமிருந்தது. லிபெரோ நேராக பஸ் பிடித்து மைத்துனனின் அலுவலகத்துக்குப் போனார்.

மைத்துனன் இவானோ, மனைவி இனெஸின் தம்பி. ஒரு படக் கம்பெனியில் காகிதம் பார்க்கிற உத்தியோகம். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன்தான் ஒரு படிவத்தை நீட்டினான். கூட்டுத் தயாரிப்புப் படத்தில் இத்தனை இத்தாலியர் வேலை செய்திருந்தால்தான் அரசாங்க உதவி கிடைக்கும். டைரக்டர் ரோம்காரர், வில்லன் பிரெஞ்சுக்காரர், கதாநாயகன் அமெரிக்கர். இசை முழுக்க டெட்ராய்டில் பதிவாகியிருந்தது. கணக்குப் பார்த்தால் ஓர் இத்தாலிய இசைக்காரர் குறைந்தார். லிபெரோவிடம் இசைக் கல்லூரிப் பட்டயம் இருந்தது. பதிவு பெற்ற இசையமைப்பாளர் என்று ஓர் அட்டையும் இருந்தது.

மைத்துனன் கேட்டதால் போட்ட கையெழுத்து என்றுதான் லிபெரோ தனக்குச் சொல்லிக்கொண்டார். ஆனால் 'இசையமைப்பாளர்' என்று அச்சடித்த கட்டத்துக்குள் தன் பெயரை எழுதியபோது அவர் வழக்கத்தைவிட மெதுவாகவும் அழகாகவும் எழுதினார் என்பதும் உண்மை.

"படம் முடிஞ்சு எல்லாரும் எழுந்து கோட்டு மாட்டுற நேரத்துல, என் பேர் எறும்பு மாதிரி எழுத்துல ஓடிப்போயிடும்னு சொன்னே," என்றார் இப்போது.

"படத்துல அப்படித்தான் ஓடுது, மச்சான். போஸ்டர் அடிச்சவன்தான் எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக்கிட்டான்."

"கொஞ்சமா? தெருக்கோடியில நின்னு கண்ணாடி இல்லாம படிச்சேன்."

இவானோ எழுந்து கதவைச் சாத்தினான். "உண்மை வெளிய வந்தா அமைச்சகம் கொடுத்ததைத் திரும்பக் கேக்கும். படிவத்துல கையெழுத்து வாங்கினவன் நான். உள்ள போறவனும் நான்தான். யார் கேட்டாலும் ஆமான்னும் சொல்லாதீங்க, இல்லேன்னும் சொல்லாதீங்க. படத்தை ரெண்டு வாரத்துல தூக்கிடுவாங்க. ஜனங்க மறந்துடுவாங்க."

"உங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிடறேன்."

"அக்காகிட்டயா? அதுக்கு ரேடியோவுல சொல்லிடலாம்."

இனெஸ் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற ஜன்னலில் உட்காருகிறவள். ரோமின் கார்பத்தெல்லா வட்டாரத்தில் பாதிப் பேர் அந்த ஜன்னலுக்கு வருவார்கள். அன்று பிற்பகல் லிபெரோ வீடு திரும்பியபோது அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தாள்.

"பதினேழு பேர் கை குலுக்கினாங்க," என்றாள். "எதுக்குன்னு எனக்கே தெரியல. அப்புறம் ஒருத்தர் சொன்னார்."

லிபெரோ தொப்பியைக் கழற்றி மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"உனக்குன்னு ஒரு ரகசியம் இருக்கும்னு நான் நினைச்சதே இல்ல, லிபெரோ. நிஜமா நீயா?"

கோபத்தில் கேட்டிருந்தால் அவர் எல்லாவற்றையும் அப்போதே கொட்டியிருப்பார். அவள் கோபமாகக் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால், இசைக் கல்லூரி வாசலில் அவருக்காகக் காத்திருந்த நாட்களில் அவள் கண்ணில் இருந்த ஏதோ ஒன்று மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தது. அவர்களுடைய கல்யாணத்துக்கு அவர் ஒரு வால்ட்ஸ் எழுதினார். அது இரண்டு முறை வாசிக்கப்பட்டது: ஒருமுறை கல்யாணத்தில், ஒருமுறை ஒரு போட்டியில். போட்டியில் நடுவர் பாதியிலேயே மணியடித்து நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு அவர் எதுவும் எழுதவில்லை. பியானோவின் மேல் இனெஸ் இஸ்திரி போட்ட சட்டைகளை அடுக்கத் தொடங்கினாள். அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

"கொஞ்சம்," என்றார் லிபெரோ.

"கொஞ்சம்னா?"

"அங்கங்க."

அவள் எழுந்து வந்து அவர் கன்னத்தில் கை வைத்தாள். கையில் தபால் பசை வாடை. "இருபது வருஷமா அது மேல சட்டையை அடுக்கி வெச்சிருக்கேனே. என்னை மன்னிச்சிடு," என்றவள், சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரிக்குக் கொண்டுபோனாள்.

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். அவள் அலமாரிக்கும் பியானோவுக்குமாக நான்கு முறை நடந்தாள். ஒவ்வொரு முறையும் அவர் வாயைத் திறந்து மூடினார். பிற்பாடு அந்த நான்கு நடையையும் அவர் பலமுறை மனதுக்குள் நடந்து பார்த்திருக்கிறார்.

சனிக்கிழமை பகல் காட்சிக்கு இருவரும் போனார்கள். இனெஸ் காதில் தோடு போட்டுக்கொண்டு வந்தாள்.

படம் தொடங்கியதும் துரத்தல். கிட்டார் 'வாக்கா வாக்கா' என்று வாத்துப்போல் கத்த, டிரம்பெட்டுகள் கும்பலாகப் பாய்ந்தன. பின்னணியில் மூன்று பெண்கள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினார்கள்.

"இது நீயா?" என்று இனெஸ் காதோடு கேட்டாள்.

"இது அமெரிக்காக்காரர்."

கப்பல் துறையில் கத்திச் சண்டை. "இது?"

"இதுவும் அவர்தான்."

ஒவ்வொரு 'அவர்தான்' என்ற பதிலுக்கும் அவள் முகம் ஒரு விரற்கடை இறங்கியது. பிறகு, படத்தின் நடுவில் எல்லாம் அடங்கியது. செத்துப்போன காதலி க்ளாராவின் ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கதாநாயகன் மார்செய் கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறான். மெதுவான பாட்டு. பேஸ் கிட்டார் ஒவ்வொரு முறையும் முதல் தட்டை விட்டுவிட்டு, யாரோ வர வேண்டியவர் வரவில்லை என்பதுபோல் இரண்டாவது தட்டில்தான் வந்தது. ஒரு பெண் வார்த்தை இல்லாமல் முனகினாள்.

இனெஸ் அவர் கையை இறுகப் பிடித்தாள். "இது நீதான்," என்றாள். அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவே இல்லை.

"ஆமா," என்றார் லிபெரோ.

"யாரை நெனச்சு எழுதினே?"

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும்போது இந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. அவர் அதைச் சொன்னார். அதற்குப் பிறகு பதினோரு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், ஒரு பாலம் வெடித்தது. இனெஸ் கடைசி வரைக்கும் ஆனந்தமாக அழுதுகொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் இசைத்தட்டை வாங்கினாள். மேல்மாடிக்காரரிடம் கிராமபோனைக் கடன் வாங்கினாள். அதில் மூன்றாவதாக இருந்த க்ளாராவின் பாட்டைச் சமைக்கும்போது போட்டாள், துணி காயப்போடும்போது போட்டாள். மாடிப்படி முழுக்க அந்தப் பாட்டு வழிந்தது. முற்றத்தில் துணி உலர்த்துகிற பெண்கள் லிபெரோவைக் கண்டால் தலையைச் சாய்த்துப் பெருமூச்சு விடத் தொடங்கினார்கள். அவர்கள் வீட்டுக் கணவர்கள் யாரும் அவர்களுக்குப் பாட்டு எழுதியதில்லை.

அடுத்த வாரம் பங்குச்சாமி தோன் கலிஸ்தோ தேடி வந்தார்.

"அந்தப் பொம்பளைங்க எதுக்கு அப்படி மூச்சு வாங்குறாங்க?" என்று உட்காருவதற்கு முன்பே கேட்டார்.

"துரத்தல் காட்சி, சாமி. ஓடிக் களைச்சு..."

"கார்லதானே துரத்துறாங்க?"

"படம் பார்த்தீங்களா, சாமி?"

"கேள்விப்பட்டேன்," என்று சாமி அவசரமாகச் சொன்னார்.

"மூச்சு எல்லாம் அமெரிக்காக்காரர் வேலை. நான் அந்த மெதுவான பாட்டு மட்டும்தான்."

"அதுக்குத்தான் வந்தேன். திருவிழாப் பூசைக்கு அதே மாதிரி ஒண்ணு பண்ணிக் கொடுங்க. பாடகர் குழு தயாரா இருக்கு. மூச்சு மட்டும் வேணாம்."

பொய்யைச் சின்னதாக்கப் போய் அது கோயிலுக்குள் நுழைந்துவிட்டது. மறுநாள் தலைமையாசிரியை அழைத்து, ஆண்டு விழாவில் நாற்பது குழல்களும் 'நம் வாத்தியாரின் பாட்டை' ஊத வேண்டும் என்றாள். மறுப்பதற்கு ஒரு காரணமும் அவருக்குத் தோன்றவில்லை.

ஆகவே லிபெரோ அந்தப் பாட்டைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். பள்ளி முடிந்து பிள்ளைகள் போனதும் இசை அறையில் இசைத்தட்டைச் சுழலவிட்டு, ஒவ்வொரு வாத்தியமாகக் காதால் பிடித்துத் தாளில் எழுதினார். மூன்று நாள் வேலை என்று நினைத்தார். மூன்று வாரம் ஆயிற்று.

பேஸ் ஏன் முதல் தட்டை விடுகிறது என்று முதல் வாரத்தில் புரிந்தது. அந்த வெற்றிடத்தில்தான் கேட்கிறவனின் மனம் போய் விழுகிறது. இரண்டாவது வாரம் வயலின்கள். மூன்றாவது வாரத்தில், வயலின்களுக்கு அடியில் ஒளிந்திருந்த வயோலாவைக் கண்டுபிடித்தார். எட்டாவது வரியில் மற்ற எல்லா வாத்தியமும் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட, வயோலா மட்டும் பழைய ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இடறுகிறது, ஆனாலும் விடவில்லை. அங்கே வயோலா இருப்பதே கேட்டவர்கள் யாருக்கும் தெரிந்திருக்காது. தெரியாமலே அழுதிருப்பார்கள்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு லிபெரோ அந்த வரியை மறுபடியும் சுழலவிட்டார். அந்த நடுவர் மணியடித்திருக்காவிட்டாலும், இன்னும் இருபது வருடம் உட்கார்ந்து எழுதியிருந்தாலும், இந்த ஒரு வரி தனக்கு வந்திருக்காது என்று அவருக்குத் தெரிந்தது. அதுகூட அவருக்குப் பெரிதாக வலிக்கவில்லை. இதை எழுதியவனுக்குச் சேர வேண்டிய தன் பெண்டாட்டியின் கண்ணீரைத் தான் திருடிக்கொண்டதுதான் வலித்தது.

'இன்றைக்குச் சொல்லிவிடுவோம்' என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். இனெஸ் பியானோவைத் துடைத்து மெருகேற்றி, மேலே ஒரு பூச்சாடி வைத்திருந்தாள். சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இவானோ வெளிறிப்போய் ஓடி வந்தான்.

"மச்சான், அந்த அமெரிக்காக்காரர் மேடக்ஸ் ரோமுக்கு வரார். வெள்ளிக்கிழமை ஹோட்டல்ல பத்திரிகைக்காரங்க கூட்டம். நீங்க பக்கத்துல உட்காரணுமாம். கம்பெனிக்காரங்க நாற்காலி போட்டுட்டாங்க."

"அவருக்கு என்னை யாருன்னே தெரியாதே."

"அதான் பயமே."

இருவரும் யோசித்தார்கள். கடைசியில் லிபெரோவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மூன்று மாடி இறங்க முடியாத அளவுக்குக் கடுமையான பிடிப்பு. வியாழக்கிழமை மாலையே கட்டிலில் விழுந்தார். இனெஸ் வெந்நீர்ப் பை வைத்தாள், தைலம் தேய்த்தாள். இல்லாத வலிக்குத் தைலம் தேய்த்தால் எவ்வளவு எரியும் என்பதை லிபெரோ அன்றுதான் அறிந்தார். பத்திரிகைக் கூட்டம் அவரில்லாமல் நடந்தது. இவானோ பெருமூச்சு விட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இனெஸ் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"தபால் நிலையத்துலேர்ந்து அந்த ஹோட்டலுக்குப் போன் போட்டேன். அவரோட மொழிபெயர்ப்புப் பொண்ணு பேசினா. என் வீட்டுக்காரரால இறங்கி வர முடியல, நீங்க ஏறி வாங்கன்னு சொன்னேன். ஹோட்டல் சாப்பாட்டுல அவருக்கு நாக்குச் செத்துப்போச்சாம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வரார்."

லிபெரோவுக்கு அப்போது நிஜமாகவே இடுப்பு வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியின் இரண்டு பக்கமும் ஜனங்கள். லியோட்டிஸ் மேடக்ஸ் ஊதா நிற சூட்டில் ஏறி வந்தார். மலை மாதிரி ஆள், வெண்ணெய் மாதிரிக் குரல். இனெஸின் கையில் முத்தமிட்டார். கூடவே மொழிபெயர்க்கிற பெண்ணும், அவருடைய கோட்டையும் தொப்பியையும் சுமந்துகொண்டு கண்ணாடி போட்ட ஒல்லியான ஒரு வயதானவரும் வந்தார்கள். சாமியும், வெர்மூத் பாட்டிலோடு சபாத்தினோவும், சாவு வீட்டுக்கு வந்தவன்போல் இவானோவும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் இடம் போதவில்லை. ஒல்லியானவருக்கு இனெஸ் சமையலறை வாசலில் ஒரு முக்காலி போட்டுத் தட்டை மடியில் கொடுத்தாள். அவர் பெயரை யாரும் கேட்கவில்லை.

ரிகட்டோனி பாஸ்தா வந்தது, ஆட்டுக்குட்டி வறுவல் வந்தது. மேடக்ஸ் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். லிபெரோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

"நான் வந்தப்ப வலப்பக்கம்தானே பிடிச்சிருந்தீங்க, மேஸ்ட்ரோ?" என்றார் சபாத்தினோ.

"அது இடம் மாறுது."

சாமி நாப்கினால் வாயைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு இசைக்காரங்க, ஒரு பியானோ. ஆண்டவர் சும்மா இப்படிச் சேர்த்து வைக்க மாட்டார். நாலு கையால வாசிங்க, கேப்போம்."

மொழிபெயர்க்கிற பெண் சொன்னாள். மேடக்ஸ் தன் வலது கையைத் தூக்கிச் சோகமாகப் பார்த்தார்.

"அவருக்கு விரல்ல சுளுக்காம்," என்றாள் அவள்.

"எனக்கு இடுப்பு," என்றார் லிபெரோ.

"ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு முழு ஆள் தேறுவாங்க," என்றார் சபாத்தினோ.

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு இனெஸ் எழுந்து நின்றாள். அன்று அவள் புது நீல உடை உடுத்தியிருந்தாள். "இதை அவர்கிட்ட சரியா சொல்லும்மா," என்றாள் அந்தப் பெண்ணிடம். "இவ்வளவு பெரிய படத்துல என் வீட்டுக்காரர் பாட்டுக்கு இடம் விட்டதுக்கு நன்றி. மூணாவது பாட்டு. க்ளாராவோடது. அது எனக்காக எழுதினது. இந்த வயசுல ஒரு பொம்பளைக்கு இப்படி ஒண்ணு கிடைக்கும்னு நான் நினைக்கவே இல்ல."

பெண் மொழிபெயர்த்தாள். மேடக்ஸின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. லிபெரோவைப் பார்த்தார், ஏனோ ஒரு தடவை சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார், பிறகு வெர்மூத்தை ஒரே மடக்காகக் குடித்தார்.

லிபெரோ இனெஸின் முகத்தைப் பார்த்தார். அவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். பாட்டை எழுதிய மனிதரின் எதிரிலேயே அவளை இப்படி நிற்க வைத்துவிட்டோமே என்று நினைத்தபோது அவரால் பொறுக்க முடியவில்லை. எழுந்தார். இடுப்பை மறந்து நிமிர்ந்தே எழுந்தார்.

"அதை நான் எழுதல," என்றார். "அதுல ஒரு ஸ்வரம்கூட என்னோடது இல்ல. ஒரு இத்தாலியப் பேர் குறையுதுன்னு கேட்டாங்க, கையெழுத்துப் போட்டேன். போஸ்டர்ல பேரைப் பார்த்ததும் உடனே சொல்லியிருக்கணும். சொல்லல. இடுப்பு வலியும் பொய்." மேடக்ஸைப் பார்த்துத் தலை குனிந்தார். "ஐயா, உங்க சொத்தை நான் எடுத்து என் வீட்டுக்காரிகிட்ட கொடுத்துட்டேன். என்னை மன்னிக்கணும்."

அந்தப் பெண் தாழ்ந்த குரலில் மொழிபெயர்த்தாள். இவானோ இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

மேடக்ஸ் கோபப்படவில்லை. லிபெரோ எதிர்பார்த்ததைவிட வேகமாக மன்னித்தார்.

"மனசுல வெச்சுக்காதீங்கன்னு சொல்றார்," என்றாள் பெண். "பேருங்கிறது படக்காரங்க ஒட்டுற சீட்டு, யார் முதுகுல ஒட்டுறோம்னு அவங்களுக்கே தெரியாதுன்னு சொல்றார். காப்பி குடிச்சுட்டுக் கிளம்பலாமான்னும் கேக்கிறார்."

"ஒரே நிமிஷம்." லிபெரோ உள்ளே போய், மூன்று வாரமாக எழுதிய தாள்களை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார். "காதால கேட்டு எழுதினேன். இந்த எட்டாவது வரியில வயோலா மட்டும் பழைய ஸ்வரத்தை விடாம நிக்குது. எல்லாரும் போனப்புறமும் நிக்குது. ஏன் அப்படி விட்டீங்கன்னு கேக்கணும்."

மேடக்ஸ் தாள்களைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்தையும் மரியாதையோடு பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார்.

"கையெழுத்து ரொம்ப அழகா இருக்குங்கிறார்," என்றாள் பெண்.

அவர் தாள்களை வறுவல் தட்டின் பக்கத்தில் வைத்தார். ஒல்லியானவர் எழுந்து வந்து, கொழுப்பு படுவதற்குள் அவற்றை எடுத்துக்கொண்டு முக்காலிக்குத் திரும்பினார்.

"மூணாவது பாட்டுமா, லிபெரோ?" என்று கேட்டாள் இனெஸ்.

"அதுவும்தான்."

அவள் தலையாட்டினாள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சமையலறைக்கு எடுத்துக்கொண்டு போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

இவானோ தலையை நிமிர்த்தாமலே, "சாமி, நான் ஜெயிலுக்குப் போவேன்," என்றான்.

"இதை நான் பாவசங்கீர்த்தனத்துல கேட்டதா வெச்சுக்கறேன்," என்றார் சாமி. "வெளிய சொல்ல எனக்கு உரிமை இல்ல."

"எனக்குக் காது மந்தம்," என்றார் சபாத்தினோ. கொஞ்சம் யோசித்துவிட்டு லிபெரோவின் தோளைத் தட்டினார். "பதினாறு வருஷம் வாத்தியாரேன்னு கூப்பிட்டு வாய் பழகிப்போச்சு. இதுவும் எனக்குச் சௌகரியம்தான், வாத்தியாரே."

மேடக்ஸ் காப்பியை நின்றபடியே குடித்தார். லிபெரோ சமையலறைக்குள் போனார்.

இனெஸ் முதுகைக் காட்டிக்கொண்டு தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். தோடுகளைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தாள். ஒல்லியானவர் முக்காலியில் உட்கார்ந்து, மடியில் தாள்களை விரித்து, உதடு மட்டும் அசையப் படித்துக்கொண்டிருந்தார்.

"இனெஸ்," என்றார் லிபெரோ.

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. அவரிடம் பேசவும் இல்லை. பாஷை தெரியாத ஒருவரிடம் மனதைக் கொட்டுவதுபோல், அந்த ஒல்லியானவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நீங்களே சொல்லுங்க. ஒருத்தன் பெண்டாட்டிகிட்ட இப்படி ஒரு பொய் சொல்லுவானா? ஒரு மாசமா அதைப் போட்டுப் போட்டு அழுதேன். பூச்சாடி வெச்சேன். எனக்காக இல்லேன்னா அந்தப் பாட்டு யாருக்காகத்தான் எழுதினதாம்?"

ஒல்லியானவர் கண்ணாடியைக் கழற்றினார். போர்க்காலத்தில் சிப்பாயாக லிவோர்னோ துறைமுகத்தில் இருந்தபோது கற்றுக்கொண்ட இத்தாலிய மொழியில், வார்த்தை வார்த்தையாகத் தேடிச் சொன்னார்:

"எம் பொண்டாட்டிக்காகம்மா. நான்தான் எழுதினேன்னு அவகிட்ட சொன்னேன். அவ இன்னிக்கு வரைக்கும் நம்பல."